டைமிங் செயின் டென்ஷனர் கோளாறு: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தை அடையும் வழி

கார் எஞ்சினில் வால்வுகள் சரியான நேரத்தில் திறக்கும்படி இயக்குவது பெல்ட் அல்ல, செயின்தான் என்று தெரிந்தவுடன் பலரும் அதை மறந்தே போகிறார்கள். ரப்பர் பெல்ட்டுக்கு இருப்பது போல, இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற குறிப்பு பெரும்பாலான செயின் எஞ்சின்களின் கையேட்டில் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் செயின் தாங்கினாலும், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனரும் அது உரசி ஓடும் பிளாஸ்டிக் கைடுகளும் அதே அளவு தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. டென்ஷனர் பிடி தளர்ந்தால் செயின், தான் ஓடும் சக்கரத்தில் பல் தாண்டும். பல் தாண்டினால், வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்துபோகும் வகை எஞ்சின்களில் அவை இரண்டும் மோதிக்கொள்ளும்; இன்றைய கார் எஞ்சின்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். முதல் சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடித்தால் செலவு டென்ஷனரோடு முடியும். எஞ்சின் நின்ற பிறகு கண்டுபிடித்தால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.

எஞ்சின் வேலையில் பல ஆண்டுகள் கழித்த பிறகு எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லவே முயல்கிறார்கள். செயின் சத்தமோ முன் கவர் முழுவதும் பரவி, வால்வு கவர் வழியாகவும் கேட்கும் என்பதால், இடத்தை வைத்து முடிவுக்கு வந்தால் ஏமாறுவது எளிது. அந்தச் சத்தம் எப்போது வருகிறது, எத்தனை விநாடி நீடிக்கிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலே காரணத்தின் அருகில் கொண்டுபோய் நிறுத்தும். கீழே உள்ள பகுதிகளை அந்த அடிப்படையில்தான் பிரித்திருக்கிறேன்.

டென்ஷனருக்குள் என்ன நடக்கிறது

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்த விகிதம் துளியும் பிசகாமல் பார்த்துக்கொள்வதே செயினின் வேலை. கிராங்க்கின் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் செயினைத் தன் பக்கம் இழுக்கும் பகுதி எப்போதும் விறைப்பாக இருக்கும்; அங்கே அசையாத கைடு ஒன்று போதும். எதிர்ப் பக்கத்தில் செயின் தளர்ந்து தொங்கும். டென்ஷனர் அந்தத் தளர்ந்த பக்கத்தில் நின்று, வளைந்த கைடு ஒன்றைத் தள்ளித் தளர்ச்சியை எடுத்துவிடுகிறது.

பெரும்பாலான டென்ஷனர்கள் ஆயில் அழுத்தத்தால் இயங்குபவை. உள்ளே பிளஞ்சர் எனும் தள்ளுதண்டு, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங், உள்ளே வந்த ஆயில் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு, பல வகைகளில் பிளஞ்சர் பின்வாங்காமல் பிடிக்கும் ராட்செட் பல் ஆகியவை இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் பிளஞ்சரைத் தாங்குகிறது. எஞ்சின் நின்ற பிறகும், மீண்டும் ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறும் வரையிலும் ஸ்பிரிங்கும் ராட்செட்டும் தாங்குகின்றன. இதிலிருந்து கோளாறுகளும் நான்காகப் பிரிகின்றன: ஆயில் போதிய அழுத்தத்தில் வந்து சேர்வதில்லை, வந்த ஆயில் வடிந்துவிடுகிறது, ஸ்பிரிங்கோ ராட்செட்டோ பழுதாகிவிட்டது, செயினும் கைடும் தேய்ந்து, பிளஞ்சர் எட்டும் தூரத்தைத் தளர்ச்சி மிஞ்சிவிட்டது. இந்த நான்கில் இரண்டில் மட்டுமே டென்ஷனரை மாற்றுவது முழுத் தீர்வாகலாம். மற்ற இரண்டிலும் புதிய டென்ஷனர் சத்தத்தைச் சில வாரங்களுக்கு மூடி வைக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்லும்போது இரும்பு இழுபட்டு நீண்டதாக நினைக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள அச்சாணி போன்ற பின்னும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. 140 கண்ணிகள் கொண்ட செயினில் ஒவ்வொரு இணைப்பும் 0.02 மி.மீ. தேய்ந்தால் மொத்த நீளம் 2.8 மி.மீ. கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் இப்படித்தான் கேட்கக்கூடிய சத்தமாகிறது. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் ஆயிலில் புகைக்கரியும் பெட்ரோலும் கலப்பது அதிகம் என்பதால் இந்தத் தேய்மானம் விரைவாக நடக்கும். அவற்றில் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவது செயினைக் காக்கும் நேரடி வேலை.

எதையும் கழற்றுவதற்கு முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஆயில்தான். சமதளத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்கு அருகிலோ அதற்கும் கீழேயோ இருந்தால், வளைவுகளிலும் பிரேக் பிடிக்கும்போதும் பம்ப் காற்றை உறிஞ்சும். காற்று கலந்த ஆயிலால் டென்ஷனரைத் தாங்கிப் பிடிக்க முடியாது. விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்க்கும்போது பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்தாலோ, தண்ணீர் போல ஓடினாலோ, சத்தத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஆயிலை மாற்ற வேண்டும்.

அடுத்து, ஊற்றப்பட்ட ஆயிலின் தரம் கையேட்டில் உள்ளதுதானா என்று பாருங்கள். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் சத்தம் அடங்கட்டும் என்று கெட்டியான ஆயிலை ஊற்றும் பழக்கம் இருக்கிறது. கெட்டியான ஆயில் குளிர்ந்த நிலையில் டென்ஷனரை எட்டுவதற்கு அதிக நேரம் எடுக்கும் என்பதால், சூட்டில் வரும் சத்தம் குறைந்து காலைச் சத்தம் கூடும். நோயறியும் வழியும் அத்தோடு குழம்பிவிடும். ஃபில்டரையும் கவனிக்க வேண்டும். பல ஃபில்டர்களுக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கிறது. மலிவான ஃபில்டரில் அது விறைத்தோ சரியாகப் படியாமலோ இருந்தால், இரவு முழுவதும் ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடும்.

முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கடகடக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். தவறான முடிவுகள் அதிகம் எடுக்கப்படுவதும் இதில்தான். பல மணி நேரம் நின்ற காரை ஸ்டார்ட் செய்தவுடன், இரும்புச் சங்கிலியைத் தகரப் பெட்டிக்குள் குலுக்கியது போன்ற சத்தம் எழுந்து, சில விநாடிகளில் அடங்கிவிடும். பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் வராது. டென்ஷனரில் இருந்த ஆயில் நீண்ட நேரத்தில் வடிந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

கைபேசியை எஞ்சின் முன் கவருக்கு அருகில் வைத்து, இரவு முழுவதும் நின்ற காரின் முதல் ஸ்டார்ட்டைப் பதிவு செய்யுங்கள். மூன்று நாள் பதிவுகளை வரிசையாகக் கேட்டால், நினைவை நம்பிச் சொல்வதைவிடத் தெளிவாகப் புரியும். ஒரு விநாடிக்குள் அடங்கும் சத்தம் எப்போதாவது வந்தால், நல்ல ஃபில்டரும் உரிய ஆயிலும் மாற்றிவிட்டுக் கவனித்து வரலாம். ஒவ்வொரு காலையும் இரண்டு மூன்று விநாடி நீடித்தால் டென்ஷனரின் ஒருவழி வால்வையோ, டென்ஷனருக்கு ஆயில் கொண்டுவரும் வழியையோ சந்தேகிக்க வேண்டும். ஐந்து விநாடியைத் தாண்டினால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஆயில் அழுத்தத்தை அளக்காமல் மீண்டும் ஓட்டாதீர்கள்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் காத்திருக்கிறது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பு உள்ள எஞ்சின்களில், கேமின் கோணத்தை மாற்றும் ஃபேஸர் கேம் ஸ்ப்ராக்கெட்டோடு இணைந்து இருக்கும். எஞ்சின் நிற்கும்போது அதைப் பூட்டி வைக்கும் சிறு பின் தேய்ந்துவிட்டால், ஸ்டார்ட் செய்தவுடன் ஃபேஸர் இருபுறமும் அடித்துக்கொண்டு கர்ரென்று ஒலிக்கும். ஹோண்டாவின் கே24 எஞ்சினில் குளிர்ந்த நிலையில் ஓரிரு விநாடி கேட்கும் சத்தம் அந்த உறுப்பிலிருந்து வருவதாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. அங்கே டென்ஷனரை மாற்றினால் பயன் இருக்காது. என் காதுக்குத் தெரிந்த வேறுபாடு இது: ஃபேஸரின் சத்தம் கடினமாகத் தொடங்கி, கத்தியால் வெட்டியது போலச் சட்டென்று நிற்கும், டென்ஷனர் சத்தம் தளர்வாகக் கலகலத்து, அழுத்தம் ஏற ஏறத் தேய்ந்து மறையும். நீண்ட மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பை ஃபேஸருக்கு நேராக வால்வு கவரிலும், பிறகு டென்ஷனர் இருக்கும் இடத்திலும் வைத்து இரண்டு காலைகளில் தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும்.

சில எஞ்சின்களில் டென்ஷனருக்குப் போகும் ஆயில் வழியிலேயே தீர்வு இருக்கிறது. மெர்சிடிஸ் பென்ஸின் எம்276, எம்278 எஞ்சின்களில் குளிர் ஸ்டார்ட் சத்தத்துக்கு, டென்ஷனரோடு சேர்த்து ஆயில் வழியில் ஒருவழி வால்வு பொருத்துவதும் பழுதுநீக்கத்தின் பகுதியாக இருந்தது. இப்படிப்பட்ட திருத்தம் உங்கள் எஞ்சினுக்கு வந்திருக்கிறதா என்று எஞ்சின் எண்ணைச் சொல்லி உதிரிபாகப் பட்டியலில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய எண்ணில் உள்ள டென்ஷனரையே மீண்டும் போட்டால் பழைய கோளாறும் கூடவே வரும்.

வெளியிலிருந்து திருகிப் பொருத்தும் வகை டென்ஷனர் என்றால், அதைக் கழற்றிக் கையிலேயே சோதிக்கலாம். ஆனால் கழற்றும்போது செயின் தளர்ந்து பல் தாண்டாதபடி, கிராங்க்கையும் கேமையும் உரிய கருவியால் பூட்டிய பிறகே தொட வேண்டும். ராட்செட் இல்லாத வகையில், டென்ஷனருக்குள் ஆயிலை நிரப்பி, காற்றை வெளியேற்றி, மேசையில் நிமிர்த்தி வைத்துக் கட்டைவிரலால் பிளஞ்சரை அழுத்துங்கள். நல்ல டென்ஷனர் கல்லை அழுத்துவது போல நிற்கும். மிக மெதுவாகத்தான் இறங்கும். வால்வு பழுதான டென்ஷனரில் பிளஞ்சர் பஞ்சுக்குள் போவது போல இறங்குவதை விரலே உணரும். அடியில் உள்ள துளையைச் சுற்றி ஆயில் முத்து முத்தாகக் கசிந்து நிற்பதும் தெரியும். இதை ஒருமுறை செய்து பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

சூடேறிய பிறகு ஐட்லிங்கில் சலசலக்கிறது

குளிர்ந்திருக்கும்போது அமைதியாக இருந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடும்போது) சத்தம் எழுந்தால், முதலில் ஆயில் அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். சூட்டில் ஆயில் இளகுகிறது. ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது. எஞ்சினில் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி 1,500 அல்லது 2,000 சுற்றுக்குக் கொண்டுவந்தவுடன் சத்தம் மறைந்தால் இந்தச் சந்தேகம் வலுப்படும்.

ஆயில் விளக்கு எரியவில்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பல எஞ்சின்களில் அந்த விளக்கை இயக்கும் சுவிட்ச், அழுத்தம் அரை பார் அல்லது அதற்கும் கீழே விழுந்த பிறகுதான் செயல்படும். டென்ஷனர் தவிக்கத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே. சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் முள் காட்டும் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினைச் சூடேற்றி, ஐட்லிங்கிலும் கையேடு குறிப்பிடும் வேகத்திலும் அளந்து ஒப்பிட வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் டென்ஷனர் குற்றவாளி ஆகாது. சம்ப்பில் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையின் அடைப்பு, பம்ப் தேய்மானம், பேரிங் தேய்மானம் என்று அந்தப் பாதையில் போக வேண்டும்.

அழுத்தம் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்திச் சட்டென்று விட்டுப் பாருங்கள். வேகம் இறங்கும்போது செயினின் இழுவை மாறும். அந்த நொடியில் சத்தம் கூடினால் செயின் நீண்டிருக்கிறது அல்லது கைடு தேய்ந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடி செயினுக்கு நேராக இருக்கும் எஞ்சின்களில், எஞ்சினை அணைத்துவிட்டு அதன் வழியே போர்ஸ்கோப் எனும் மெல்லிய கேமராவை இறக்கி, கைடின் முகத்தையும் டென்ஷனர் பிளஞ்சர் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதையும் பார்க்கலாம். பிளஞ்சர் தன் எல்லை வரை வெளியே வந்திருந்தால், டென்ஷனரைக் குறைசொல்ல எதுவும் இல்லை; அது கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டது. மாற்ற வேண்டியது செயின்.

இதே நேரத்தில் குழப்பும் பிற சத்தங்களும் உண்டு. வெளியே ஓடும் பெல்ட்டின் டென்ஷனர், ஆல்டர்னேட்டர் கப்பி, வாட்டர் பம்ப் பேரிங் ஆகியவை முன்பக்கத்திலிருந்தே ஒலிக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடத்துக்கு மேல் போகாமல் ஓட்டிக் கேட்டால் அவை விலகிவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிவு டிக் டிக்கென்று ஒலித்தாலும், சூடேறி இரும்பு விரிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். நேரடிப் பீய்ச்சல் எஞ்சினின் உயர் அழுத்த பம்ப் எப்போதும் டிக் டிக்கென்றுதான் ஒலிக்கும், அது நோயல்ல.

சத்தம் இல்லை, ஆனால் எஞ்சின் விளக்கு எரிகிறது

கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 என்று வந்தால், முதல் சிலிண்டர் வரிசையின் உள்ளிழு கேமும் கிராங்க்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று எஞ்சின் கணினி சொல்கிறது. பி0017 அதே வரிசையின் வெளியேற்றும் கேமைக் குறிக்கும். பி0018, பி0019 இரண்டும் வி வடிவ எஞ்சினின் இரண்டாம் வரிசைக்கு உரியவை. பி0011, பி0012, பி0014 ஆகியவை ஃபேஸர் கேட்ட கோணத்துக்குப் போகவில்லை என்று சொல்பவை. அவை முதலில் ஃபேஸருக்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலனாய்டையும் அதன் சல்லடை அடைப்பையும் பார்க்கச் சொல்கின்றன. பி0340, பி0335 போன்றவை சென்சாரையோ அதன் வயரையோ சுட்டுகின்றன. பி0016 போன்ற பொருத்தக் குறியீடு வந்தவுடன் சென்சாரை மாற்றுவது வீண் செலவு. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கக்கூடும்.

ஸ்கேனரில் கேமின் விலகல் கோணத்தைக் காட்டும் நேரடி அளவு கிடைத்தால் அதைக் கவனமாகப் பாருங்கள். செயினின் இழுக்கும் பக்கம் நீளும்போது கேம் கிராங்க்குக்குப் பின்தங்கும். எனவே அந்த அளவு மாதங்கள் போகப்போகத் தாமதத்தின் பக்கம் மெல்ல நகரும். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பற்கள் இருந்தால் ஒரு பல் தாண்டுவது 18 டிகிரி கிராங்க் கோணத்துக்குச் சமம். மெல்ல நகர்ந்து வந்த அளவு தேய்மானத்தைக் காட்டுகிறது. ஒரே நாளில் பெரும் எண்ணாகக் குதித்தது பல் தாண்டியதைக் காட்டுகிறது. மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவர்கள் கேம், கிராங்க் இரண்டின் சென்சார் அலைகளையும் ஒரே திரையில் போட்டு, நல்ல எஞ்சினின் அலையோடு ஒப்பிடலாம். கவரைத் திறக்காமல் கிடைக்கும் சான்றுகளில் நான் மிகவும் நம்புவது இதைத்தான்.

ஜெனரல் மோட்டார்ஸின் 3.6 லிட்டர் வி6 எஞ்சின்களில் இந்தப் பொருத்தக் குறியீடுகள் செயின் தேய்மானத்தால் பரவலாக வந்தபோது, ஆயில் மாற்றச் சொல்லும் இடைவெளியைக் குறைக்கும்படி கணினியின் கணக்கையே அந்நிறுவனம் திருத்தியது. ஆயிலுக்கும் செயினுக்கும் உள்ள உறவுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம்

கலகலப்பு எதுவும் இல்லாமல், எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் மெல்லிய ஊளை கேட்டால், செயின் கைடின் முகத்தில் குழி வெட்டி ஓடுகிறது என்று கருதலாம். முதலில் வெளி பெல்ட்டைக் கழற்றிச் சோதித்து, ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் விலக்கிவிடுங்கள். பிஎம்டபிள்யூவின் என்20 எஞ்சினில் கைடின் பிளாஸ்டிக் நொறுங்கும் கோளாறு பரவலாக அறியப்பட்டது. அங்கே ஊளை ஒரு முன்னெச்சரிக்கை. பிளாஸ்டிக் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாகி, நகத்தால் கீறினால் பொடியாக உதிரும் நிலைக்கு வந்துவிட்டால் அது எப்போது உடையும் என்று கணிக்க முடியாது.

டென்ஷனரைச் சுற்றி ஆயில் ஈரம்

வெளியிலிருந்து பொருத்தும் டென்ஷனர்களில் ஓ-ரிங் அல்லது வாஷர் விறைத்து ஆயில் கசியும். இது எளிய வேலை. ஆனால் கசிவை நிறுத்த டென்ஷனரைச் சிறிது தளர்த்திவிட்டு அப்படியே மீண்டும் இறுக்குவது ஆபத்தானது. ராட்செட் உள்ள டென்ஷனரைத் தளர்த்தும்போது பிளஞ்சர் இன்னொரு பல் வெளியே வந்து பிடித்துக்கொள்ளும். பிறகு இறுக்கினால் செயின் அளவுக்கு மீறி விறைக்கும், கைடு விரைவில் உடையும். முழுவதும் கழற்றி, பிளஞ்சரை அதற்குரிய முறையில் உள்ளே திருப்பி அமைத்த பிறகே பொருத்த வேண்டும்.

தொந்தரவு தந்த சத்தம் தானாக நின்றுவிட்டது

இந்த அறிகுறிக்கு நான் மற்றவற்றைவிட அதிகம் பயப்படுகிறேன். ஒருமுறை வந்த கார் ஒன்றில், பல மாதங்கள் கலகலத்த சத்தம் ஒரு வாரமாக இல்லை என்று உரிமையாளர் மகிழ்ச்சியோடு சொன்னார். சம்ப்பை இறக்கியபோது ஸ்ட்ரெய்னர் வலையில் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சில்லுகள் வெட்டிய நகத்துண்டுகள் போல ஒட்டிக் கிடந்தன. வலையின் பாதிப் பரப்பு மூடியிருந்தது. கைடின் தேய்ந்த முகம் முழுவதுமாக உடைந்து விழுந்ததால், அதில் அடித்துக்கொண்டிருந்த செயினுக்கு அடிக்க இடம் இல்லாமல் போயிருந்தது. சத்தம் நின்றதற்குக் காரணம் அவ்வளவுதான். இன்னும் சிறிது ஓடியிருந்தால் ஸ்ட்ரெய்னர் அடைத்து ஆயில் அழுத்தம் விழுந்து, பேரிங்குகளும் போயிருக்கும்.

ஆகவே சத்தம் தானாக நின்றால் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் துகளோ, மினுமினுக்கும் உலோகத் தூளோ இருந்தால் சம்ப்பை இறக்காமல் காரை நகர்த்த வேண்டாம். செயின், கைடு எதை மாற்றினாலும் சம்ப்பையும் ஸ்ட்ரெய்னரையும் சுத்தம் செய்யாமல் மூடினால், செய்த வேலை வீண்.

நிறுத்திய கார் கிளம்ப மறுக்கிறது

ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, சிலிண்டர் அழுத்தத்தால் வரும் சீரான தடை உணர்வு இல்லை, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், மேற்கொண்டு ஒருமுறைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் வளைந்த வால்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டக்கூடும்.

கார் எப்படி நிறுத்தப்பட்டிருந்தது என்பதை இங்கே அவசியம் கேட்க வேண்டும். சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் மட்டும் விட்டு நிறுத்திய கார் தன் எடையால் அசையும்போது எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பக்கூடும். அப்போது இழுக்கும் பக்கம் தளர்ந்து, தளர்ந்த பக்கம் விறைத்து, முழு இழுவையும் டென்ஷனர் பிளஞ்சர் மேல் விழும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 எஞ்சினின் ஆரம்பத் தலைமுறைகளில் டென்ஷனரின் ராட்செட் பிடி விட்டுப்போகும் குறை இருந்தது; பிறகு டென்ஷனரின் வடிவமே மாற்றப்பட்டது. அப்படிப்பட்ட எஞ்சினில் பின்னோக்கிய ஓர் அசைவே அடுத்த ஸ்டார்ட்டில் செயின் பல் தாண்டப் போதும். இதே காரணத்தால் பழுது பார்க்கும்போதும் கிராங்க்கை எதிர்த்திசையில் திருப்பக் கூடாது.

ஆயில் மூடி வழியாகக் கேம் தெரியும் எஞ்சின் என்றால், கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால் கையால் மெல்ல ஓடும் திசையில் திருப்பி, கேம் உடன் சுற்றுகிறதா என்று பாருங்கள். எங்காவது கடினமாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். கேம் சுற்றாவிட்டால் செயின் அறுந்துவிட்டது. சுற்றினால் குறிகளைப் பார்த்துச் செயின் எத்தனை பல் தாண்டியிருக்கிறது என்று உறுதி செய்து, டைமிங்கை மீண்டும் சரியாக வைத்த பிறகு, ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை ஏற்றிக் கசிவைச் சோதியுங்கள். உள்ளிழு வழியிலோ எக்ஸாஸ்ட்டிலோ காற்று சீறினால் அந்த வால்வு வளைந்திருக்கிறது. ஒரு பல் மட்டும் தாண்டிய எஞ்சின் சில நேரம் கிளம்பவும் செய்யும். ஆனால் இழுவை குறைந்து, ஐட்லிங் நடுங்கி, அந்த வரிசையின் எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருக்கும். இந்த ஒரே சீரான குறைவுதான் பிஸ்டன் ரிங் கோளாறிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளம்.

மாற்றிய பிறகும் சத்தம் போகவில்லை

புதிய டென்ஷனர்கள் பிளஞ்சரை உள்ளே அழுத்தி, சிறு பின் ஒன்றைச் செருகிப் பூட்டிய நிலையில் வரும். அந்தப் பின்னை உருவ மறந்துவிட்டு கவரை மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பொருத்தும் சில வகைகளில், பிளஞ்சரைக் கொக்கியால் பிடித்து வைத்துப் பொருத்திய பிறகு, கையேடு சொல்லும் முறையில் கிராங்க்கை அசைத்தால்தான் கொக்கி விடுபடும். அதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால் முதல் நொடியிலேயே பல் தாண்டலாம். வறண்ட டென்ஷனரில் காற்று இருப்பதும் சிறிது நேரம் சத்தம் தரும் என்பதால், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சில விநாடி சுற்றி ஆயிலை ஏற்றுவது நல்லது. இவை எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், மாற்றாமல் விட்ட பழைய செயினையோ ஃபேஸரையோதான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மாற்றும் வேலை பற்றி

கவரைத் திறக்கும் அளவுக்கு வேலை வந்துவிட்டால் டென்ஷனர், செயின், கைடுகள் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதிய செயினைப் போட்டால் பற்கள் அதை விரைவில் தேய்க்கும் என்பதால் ஸ்ப்ராக்கெட்டுகளையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் போல, செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் எஞ்சின்களில் கூலி உதிரிபாகத்தை மிஞ்சிவிடும். அங்கே ஒரு கைடை மிச்சப்படுத்துவதில் அர்த்தம் இல்லை. கோணத்தில் இறுக்கும் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகள் ஒருமுறை நீண்டுவிட்டவை. அவற்றை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பூட்டும் கருவி இல்லாமல், பெயின்ட்டால் குறி போட்டு மட்டும் வேலையைத் தொடங்குவது பல எஞ்சின்களில் பிழையில் முடியும்.

செயினில் உள்ள நிறக் கண்ணிகளை ஸ்ப்ராக்கெட் குறிகளோடு பொருத்திய பிறகு, கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். அப்போது நிறக் கண்ணிகள் குறிகளோடு சேராமல் விலகி நிற்பதைக் கண்டு பதற வேண்டாம். அவை மீண்டும் ஒன்று சேரப் பல சுற்றுகள் ஆகும். ஸ்ப்ராக்கெட், கிராங்க் குறிகள் பொருந்துகின்றனவா, பூட்டும் கருவி மீண்டும் தடையின்றி உட்காருகிறதா என்பதே சரிபார்க்க வேண்டியது. எஞ்சின் கிளம்பிய பிறகு கணினியில் பழைய கேம் அளவுகளை அழித்து, புதிய விலகல் கோணத்தைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் வண்டியின் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ஃபில்டரை வெட்டிப் பார்த்து, அதே கோணத்தை மீண்டும் படித்து, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.